இருட்டறைக் கேள்விகள்

கையால் ஃபிலிம் கழுவுவது பற்றி இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவை. பழைய கேமராக்கள் பரணிலிருந்து இறங்கத் தொடங்கிவிட்டன போலும். பதில்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு மட்டுமே. கலர் ஃபிலிமின் வேதியல் வேறு. இங்கே சொல்லும் கணக்கை அதற்குப் போடாதீர்கள். புதியவர்களுக்கு ஒரு வரி: டெவலப்பர் ஃபிலிமில் படத்தை எழுப்பும் மருந்து, ஹைப்போ ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்கவைக்கும் மருந்து, டேங்க் வெளிச்சம் புகாத கழுவும் டப்பா, ரீல் அதற்குள் ஃபிலிமைச் சுற்றிவைக்கும் சக்கரம்.

கேள்வி: ஐயா, டெவலப்பர் பாக்கெட்டில் 20 டிகிரி என்று போட்டிருக்கிறது. சித்திரை மாதம் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரில் கையை வைத்தாலே சுடுகிறது. இந்த ஊரில் இதெல்லாம் நடக்குமா?
— கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: நடக்கும். 20ஐப் பிடித்துத் தொங்க வேண்டாம், 24க்கு வாருங்கள். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் கழுவும் நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்பதுதான் பொதுக் கணக்கு. டி-76, ஐ.டி.-11 என்ற டெவலப்பர்கள் இரண்டும் ஒரே குணம் கொண்டவை. எச்.பி.5 பிளஸ் ஃபிலிமை ஐ.டி.-11இல் நீர் கலக்காமல் கழுவினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். அதையே 24இல் செய்தால் ஐந்து நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். ஐந்துக்குக் கீழே போனால் ஆபத்து. டெவலப்பரை ஊற்றி வடிக்கும் சில நொடிகள்கூட அப்போது பெரிய பங்காகிவிடும். வானம் திட்டுத் திட்டாக வரும்.

அதனால் வெயில் காலத்தில் சம பங்கு நீர் கலந்து கழுவுங்கள். அதே ஃபிலிமுக்கு 20 டிகிரியில் 13 நிமிடம், 24இல் சுமார் 9 நிமிடம். கை நிதானமாக வேலை செய்ய இது போதும். இப்படிக் கலந்ததை ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும், திரும்பப் பாட்டிலில் ஊற்றக் கூடாது.

சம பங்கு கலப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பாட்டிலில் இருக்கும் டெவலப்பர் 34 டிகிரி, அதனோடு சேரும் தண்ணீர் 14 டிகிரி என்றால் கலவை 24இல் வந்து நிற்கும். ஃபிரிட்ஜ் தண்ணீர் 5 டிகிரியில் இருந்தால் கலவை 20க்கே இறங்கிவிடும். வெறும் சராசரிக் கணக்குதான். ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உருகும் நீர் அளவைக் கெடுக்கும், அது வேண்டாம். கலந்த பிறகு டேங்க்கை 24 டிகிரித் தண்ணீர் உள்ள பேசினில் இடுப்பளவு நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் அறை வெப்பத்தில் ஒன்பது நிமிடத்துக்குள் ஓரிரு டிகிரி ஏறிவிடும்.

பலர் கவனிக்காத இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. டெவலப்பருக்கு இவ்வளவு பாடுபட்டுவிட்டு, அலசுவதற்குக் குழாயைத் திறந்து 35 டிகிரித் தண்ணீரை விடுவார்கள். ஈர ஜெலட்டின் சூட்டில் இளகிக் கூழாகும். நகம் பட்டாலே கோடு விழும், ஓரத்தில் சுருங்கிக் கிளம்பவும் செய்யும். ஹைப்போவும் அலசும் தண்ணீரும் டெவலப்பரிலிருந்து இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்கட்டும். முதல் நாள் இரவே மண்பானையில் தண்ணீர் பிடித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. காற்று வறண்ட பங்குனி சித்திரையில் பானை நன்றாகக் குளிரும். ஐப்பசி மழையில் குளிராது, ஆனால் அப்போது தேவையும் இராது.

கேள்வி: அலசுவதற்குக் குழாயை அரை மணி நேரம் திறந்துவிட வேண்டும் என்கிறார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் வருவதே ஒரு மணி நேரம்தான்.
— வாசகி, புதுவயல்

பதில்: தேவையே இல்லை. டேங்க்கைத் தண்ணீரால் நிரப்பி 5 தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள், கொட்டுங்கள். புதுத் தண்ணீர், 10 தடவை. மறுபடி புதுத் தண்ணீர், 20 தடவை. இல்ஃபோர்டு நிறுவனம் பரிந்துரைக்கும் முறை இது. 500 மில்லி டேங்க்குக்கு ஒன்றரை லிட்டரில் கதை முடிந்தது. படிகாரம் சேர்த்த, ஜெலட்டினை இறுக்கும் ஹைப்போவாக இருந்தால் மட்டும் இது போதாது, நிறைய அலச வேண்டும்.

கடைசி அலசல் மட்டும் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில். காரைக்குடிக்குப் பெயர் வாங்கித் தந்த சம்பை ஊற்றுத் தண்ணீர் நாக்குக்கு எவ்வளவு இனித்தாலும் சரி, காயும்போது உப்பு வெள்ளைப் பொட்டாகப் படியும்.

கேள்வி: மூன்றாவது ரோல் கழுவினேன். முழுக்கக் கண்ணாடி மாதிரி வந்துவிட்டது, ஒன்றுமே இல்லை. கேமரா கெட்டதா, மருந்து கெட்டதா, நான்தான் கெடுத்தேனா? எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், தேவகோட்டை

பதில்: படத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிம் ஓரத்தில் இருக்கும் எழுத்தும் எண்ணும் கேமராவால் வந்தவை அல்ல. தொழிற்சாலையிலேயே ஒளி காட்டி அனுப்புகிறார்கள். உங்கள் டெவலப்பர் வேலை செய்ததா என்பதற்கு அதுதான் சாட்சி.

எழுத்து கறுப்பாகத் தெளிவாக இருக்கிறது, படம் இல்லை என்றால் கழுவியதில் குற்றமில்லை. பெரும்பாலும் கேமராவுக்குள் ஃபிலிம் நகரவே இல்லை. அடுத்த ரோல் போட்டதும் வைண்ட் செய்யும்போது இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் ஃபிலிம் ஸ்பூலில் மாட்டவில்லை. ஆறுதலான செய்தி என்னவென்றால், இதில் நீங்கள் இழந்தது ஒரு ரோல் ஃபிலிம்தான், எடுத்த படங்களை அல்ல. எடுக்கவே இல்லையே.

எழுத்தும் இல்லை, படமும் இல்லை என்றால் டெவலப்பர் செத்துப்போயிருக்கிறது, அல்லது ஹைப்போவை முதலில் ஊற்றியிருக்கிறீர்கள். ஹைப்போ முதலில் போனால் ஒளி பட்ட வெள்ளியையும் படாத வெள்ளியையும் சேர்த்துக் கரைத்துவிடும். அதை மீட்க எந்த மருந்தும் கிடையாது. பாட்டில் மாறாமல் இருக்க உருவத்தை மாற்றுங்கள், நிறத்தை அல்ல. டெவலப்பருக்கு உருண்டை பாட்டில், ஹைப்போவுக்குச் சதுர கேன். இருட்டில் தடவினாலும் தெரியும்.

டெவலப்பர் உயிரோடு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஃபிலிமின் முனையில் நாக்குப் போல வெட்டிய பகுதி எப்படியும் வெளிச்சம் பட்டதுதான். அதில் ஒரு விரற்கடை வெட்டிப் பகல் வெளிச்சத்திலேயே டெவலப்பரில் போடுங்கள். கறுத்தால் நல்லது. இன்னொரு துண்டை ஹைப்போவில் போட்டு, பால் நிறம் போய்த் தெளிவாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுங்கள். அந்த நேரத்தின் இரட்டிப்புதான் உங்கள் ஹைப்போ நேரம். டி-மேக்ஸ், டெல்டா வகை ஃபிலிம்களுக்கு மும்மடங்கு. புதிதாகக் கலந்தபோது தெளிய ஆன நேரம் நாளடைவில் இரண்டு மடங்கானால் அந்த ஹைப்போவுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறோம். படமும் வெளுப்பு, ஓர எழுத்தும் வெளுப்பு என்றால் கழுவியது போதவில்லை. படம் வெளுப்பு, எழுத்து அழுத்தம் என்றால் எடுக்கும்போதே ஒளி போதவில்லை. இரண்டிலும் ஓரளவு காப்பாற்றலாம், கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் 4 அல்லது 5ஆம் கிரேடு பேப்பரில் பிரிண்ட் போட்டால் உருவம் எழுந்துவரும். ஃபிலிமின் ஒரு பக்க ஓரம் நெடுக வெளுத்திருந்தால் டேங்க்கில் மருந்து குறைவு. 35 மி.மீ. ரோல் ஒன்றுக்குச் சுமார் 300 மில்லி, 120 ரோலுக்கு 500 மில்லி வேண்டும். டேங்க்கின் அடியில் அளவு அச்சிட்டிருப்பான். ஓரத் துளைகளிலிருந்து பட்டை பட்டையாகக் கோடு இறங்கினால் நீங்கள் காபி ஆற்றுவதுபோல் குலுக்கியிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு ஒரு முறை, பத்து நொடியில் நாலு தடவை நிதானமாகக் கவிழ்த்தால் போதும். கவிழ்த்து முடித்ததும் டேங்க்கைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், காற்றுக்குமிழி விடுபடும். இல்லாவிட்டால் குமிழி இருந்த இடத்தில் வட்டமான வெளுப்புப் பொட்டு விழும், பிரிண்ட்டில் அது கறுப்பாகி அப்பத்தா கன்னத்தில் மச்சமாக உட்கார்ந்துகொள்ளும்.

பால் கலந்தாற்போல் மங்கலாக வந்திருந்தால் மட்டும் பதறவே வேண்டாம். ஹைப்போ போதவில்லை, அவ்வளவுதான். வெளிச்சத்திலேயே திரும்பப் புது ஹைப்போவில் போடுங்கள், தெளிந்துவிடும். அடுத்த நாள் கவனித்தாலும் பரவாயில்லை.

கேள்வி: முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாக இருந்தவன் நான். பேரன் இருட்டில் உட்கார்ந்து ஃபிலிம் கழுவுகிறான். ‘இது பொறுமையைக் கற்றுக்கொடுக்கிறது தாத்தா’ என்கிறான். அந்தப் பொறுமை வீட்டில் வேறெங்கும் தென்படவில்லை. உண்மையில் இந்த வேலை வாழ்க்கைக்கு எதையாவது கற்றுத்தருகிறதா?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: பொறுமை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்களுக்கு அதில் சந்தேகம் உண்டு. ஒன்பது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது பொறுமை அல்ல, வேறு வழியில்லாமை. பேருந்துக்குக் காத்திருப்பவரும் அதைத்தான் செய்கிறார்.

கற்றுத்தருவது வேறொன்று: எந்தத் தவறைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்று பிரித்துப் பார்க்கும் புத்தி. மேலே தேவகோட்டைக்காரருக்குச் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைப்போ போதாவிட்டால் மறுபடி போடலாம், அலசல் போதாவிட்டால் மறுபடி அலசலாம், பிரிண்ட் சரியில்லையென்றால் பேப்பர் இருக்கும்வரை போட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் கேமராவில் விழாத ஒளியையும், டெவலப்பரில் தவறிய நிமிடத்தையும், இருட்டில் திறந்துவிட்ட கதவையும் திருப்ப முடியாது. ஆக, கவனத்தை எல்லா இடத்திலும் சமமாகச் செலவழிப்பது வீண். திரும்பாத அந்த மூன்று இடத்திலும் முழுக் கவனம், மற்ற இடத்தில் கொஞ்சம் தளர்ந்தாலும் குடி முழுகாது. பேரன் நேர்மாறாகச் செய்கிறானா என்று பாருங்கள். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் காயப்போடும் கிளிப்புக்குக் கவலைப்படுவார்கள், தெர்மாமீட்டர் இல்லாமல் தொடங்குவார்கள்.

இன்னொன்று எழுதி வைப்பது. தேதி, ஃபிலிம், மருந்து, கலப்பு, வெப்பம், நிமிடம், எப்படி வந்தது என்று ஏழு கட்டம் போட்டு ஒரு நோட்டு. அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நேரத்தையும் வெப்பத்தையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊருக்கு இதை நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரனிடம் அந்த நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பையன் உருப்படியாகக் கற்கிறான்.

கேள்வி: ரீலில் ஃபிலிம் பாதி ஏறியதும் சிக்கிக்கொள்கிறது. ஃபிலிம் ஏற்றும் கறுப்புப் பைக்குள் கை வியர்த்து ஊற்றுகிறது.
— வாசகர், கோட்டையூர்

பதில்: வியர்வைதான் குற்றவாளி. பைக்குள் ஈரம் ஏறினால் ஃபிலிம் லேசாக ஊறி பிளாஸ்டிக் ரீலின் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். பலம் கொடுத்துத் தள்ளினால் மடிப்பு விழும். அந்த இடத்தில் பிறை வடிவத்தில் கறுப்புக் கீறல் வரும், அது போகாது. சிக்கியதும் நிறுத்துங்கள். ஃபிலிமையும் ரீலையும் டேங்க்கில் போட்டு, நடுக் குழாயையும் மறக்காமல் வைத்து மூடுங்கள். நடுக் குழாய் இல்லாத டேங்க்குக்குள் வெளிச்சம் போகும். பிறகு கையை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துத் தொடருங்கள்.

ரீலை முதல் நாள் வெயிலில் காயவைப்பதும், ஃபிலிம் முனையின் இரண்டு மூலையையும் கொஞ்சம் வட்டமாகக் கத்தரிப்பதும் பாதிச் சிக்கலைத் தீர்க்கும். வீணான ரோல் ஒன்றைக் கண்ணைத் திறந்துகொண்டு பத்து முறை, மூடிக்கொண்டு பத்து முறை ஏற்றிப் பழகுங்கள்.

பையைவிட அறை நல்லது. உங்கள் ஊரில் வளவை, அதாவது வீட்டு நடுமுற்றத்தை, சுற்றியுள்ள உள்ளறைகள் இதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும்: தடித்த சுவர், வெளிச் சன்னல் கிடையாது. சனி எங்கே என்றால் அந்தத் தேக்குக் கதவின் சாவித் துவாரத்தில். சாவியே அரை முழம் என்றால் துவாரம் எவ்வளவு இருக்கும்! அதில் துணியைத் திணியுங்கள், கதவடியில் கம்பளி போடுங்கள், மேலே காற்றுப்போக்கியை அடையுங்கள். உள்ளே பத்து நிமிடம் உட்கார்ந்து வெள்ளைத் தாளை முகத்துக்கு முன்னால் பிடியுங்கள். தாள் தெரிந்தால் இன்னும் இருட்டு போதவில்லை. செல்போன், இன்வெர்ட்டரின் சிவப்பு விளக்கு, முள் ஒளிரும் கைக்கடிகாரம் மூன்றும் வெளியே.

கேள்வி: காபித் தூளில் ஃபிலிம் கழுவலாம் என்று கேள்விப்பட்டேன். டிகாஷன் போடலாமா?
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: கழுவலாம், ஆனால் டிகாஷனில் அல்ல. சிக்கரி கலந்த ஃபில்டர் தூளில் வேலை செய்யும் பொருள் எவ்வளவு என்று கணக்கிட முடியாது. மலிவான இன்ஸ்டன்ட் காபியே சிறந்தது. ஒரு லிட்டருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம், இந்த வரிசையில் ஒவ்வொன்றாகக் கரைய விட்டு. 20 டிகிரியில் 15 நிமிடம். 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிமில் தொடங்குங்கள், 400இல் புகை படிந்தாற்போல் வரும். நீரற்றது கிடைக்காமல் படிகச் சோடாதான் கிடைத்தது என்றால் 145 கிராம் வேண்டும், எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் அது. ஆப்பச் சோடா வேறு. அதைப் போட்டால் ஒன்றும் வராது. வாடை சகிக்காது, அடுப்படியில் வேண்டாம். ஹைப்போ மட்டும் கடையில் வாங்கியதுதான், அதற்கு வீட்டுச் சாமான் எதுவும் ஈடில்லை.

கேள்வி: பாகப் பிரிவினைக்காக வீட்டை ஒதுக்கியபோது பர்மாப் பெட்டி ஒன்றில் கண்ணாடி நெகடிவ் முப்பதும், சுருள் நெகடிவ் சிலவும் கிடைத்தன. சுருளில் வினிகர் வாடை அடிக்கிறது. தண்ணீரில் கழுவிச் சுத்தம் செய்யலாமா?
— வாசகர், ஆத்தங்குடி

பதில்: தண்ணீரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். இத்தனை ஆண்டுச் சூட்டில் கிடந்த ஜெலட்டின் ஈரம் பட்டதும் பெயர்ந்து வந்துவிடும். கண்ணாடியின் பளபளப்பான பக்கத்தை மட்டும் மெல்லிய தூரிகையால் துடைக்கலாம்; மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம். ஓரத்தில் நீல நிறத்தில் கண்ணாடிபோல் மினுக்கம் தெரிந்தால் அது அழுக்கல்ல, மேலே வந்து படிந்த வெள்ளி. துடைத்தால் படமும் போகும். ஒவ்வொன்றையும் அமிலமற்ற தாளில் தனித்தனியாக மடித்து, நீளவாட்டில் நிற்கவையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் அடியில் இருப்பது பாரத்தில் உடையும்.

வினிகர் வாடை அடிப்பது அசிடேட் ஃபிலிம். சிதைவு தொடங்கிவிட்டது, நிறுத்த முடியாது, குளிர்ந்த இடத்தில் வைத்தால் தாமதிக்கும். அந்த வாடை பக்கத்திலிருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கும், பிரித்து வையுங்கள். முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியதும் இவற்றைத்தான், கண்ணாடி காத்திருக்கும். மஞ்சளித்து, பிசுபிசுத்து, மூக்கைக் குத்தும் வேறு வாடையோடு ஏதாவது சுருள் இருந்தால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். 1950 வாக்கில் வரை ரோல் ஃபிலிமில் அது புழக்கத்தில் இருந்தது. எளிதில் தீப்பற்றும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பயமில்லை. இல்லாவிட்டால் காற்றுப் போகாத டப்பாவிலும் இரும்பு அலமாரியிலும் பூட்டாதீர்கள், சூடான பரணுக்கும் திருப்பி ஏற்றாதீர்கள். கொளுத்திப் பார்த்துச் சோதிக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போட்டோ சட்டங்கள் போவதைப் பார்க்கிறோம். விற்பது உங்கள் இஷ்டம். சட்டத்துக்குத்தான் விலை, படத்துக்கு அல்ல. பின்பக்கம் ஆணியைக் கழற்றிப் படத்தையும் அட்டையில் எழுதியிருப்பதையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு கொடுங்கள். பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பென்சிலால் உறையில் எழுதிவிடுங்கள், நெகடிவ் உள்ளே போகும் முன்பே. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு வீட்டில் சேர்த்தவைதான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. பாதுகாக்கும் முறை பற்றி அங்கே கேட்கலாம்.

கேள்வி: மிஞ்சிய மருந்தை எங்கே கொட்டுவது? முற்றத்தில் ஊற்றித் தண்ணீர் விட்டால் போதுமா? மாமியார் ஆத்தங்குடிக் கல் கெட்டுவிடும் என்கிறார்.
— வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் மாமியார் சொல்வது சரி. ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது. டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்தில் இருக்கும் அசிட்டிக் அமிலம் அதன் மேல் பளபளப்பைத் தின்றுவிடும், சுண்ணாம்புச் சுவரையும் விடாது. ஃபிலிமுக்கு ஸ்டாப் பாத் கட்டாயமில்லை. இரண்டு முறை வெறும் தண்ணீர் விட்டுக் கொட்டினால் போதும். டெவலப்பர் சிந்தினால் காய்ந்தபின் பழுப்புக் கறை, அது எளிதில் போகாது. ஆகவே எந்த வேலையும் பெரிய பிளாஸ்டிக் தாம்பாளத்துக்குள்.

முற்றம் கூடவே கூடாது. பழைய வீடுகளில் முற்றத்து மழைநீர் கிணற்றுக்கோ ஊருணிக்கோ போகும்படி வாய்க்கால் விட்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை பயன்படுத்திய டெவலப்பரை நிறைய நீரோடு கழிவுநீர்க் குழாயில் விடலாம். பழைய ஹைப்போவை விடக் கூடாது, அதில் கரைந்த வெள்ளி இருக்கிறது. செப்டிக் டேங்க்கின் நுண்ணுயிரைக் கொல்லும். மூடி போட்ட பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வையுங்கள். அதில் சோப்புப் போடாத இரும்புக் கம்பளி, பாத்திரம் தேய்க்கும் மெல்லிய நார்தான், ஒரு பிடி போட்டுச் சில நாள் விட்டால் இரும்பு கரைந்து வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் இறங்கும். மின்சாரம் செலுத்தியும் வெள்ளியைப் பிரிக்கலாம், சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊரில் அதை விளக்க வேண்டாம். வீட்டு அளவுக்கு நார் போதும். பத்து ரோலில் வரும் வெள்ளி மோதிரத்துக்குக்கூடக் காணாது, ஆசைப்பட வேண்டாம். சேறு கலங்காமல் மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, சேற்றைத் தனி டப்பாவில் போட்டு வெளியே ‘விஷம்’ என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஹைப்போவை ஊற்றி வைக்காதீர்கள், பார்க்கத் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும்.